கைக்குத் தெரியாத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

அப்பா இன்றைக்கு ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைச் சட்டையோடு பிடித்து நடைபாதைக்கு இழுத்துவிட்டாள். பிள்ளையின் தண்ணீர் பாட்டில் மட்டும் டயருக்கு அடியில் போனது. அப்பாவின் பிக்கப் வண்டிக் கதவில் ‘கண்ணாடி – கவனம்’ என்று எழுதி, கீழே என் போன் நம்பர் இருக்கும். அதைப் பார்த்து அவளே போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் வேலை பார்க்கிற டிப்போ பட்டறையில் பாதி பிரித்துப் போட்ட பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கூட்டம். என்னைப் பார்த்ததும், “சொல்லாம கொள்ளாம ரோட்டத் திருப்பி வச்சிட்டானுங்க பாரும்மா” என்றார். கோபம் அவருக்கு!

“தள்ளி உக்காருங்கப்பா. நான் எடுக்கறேன்.”

“மெதுவா கியர் போடு. பின்னாடி கண்ணாடி இருக்கு.”

பின்னாடி ஒரு மண்ணும் இல்லை. அவர் சரக்கு ஏற்றின அந்தக் கண்ணாடிக் கம்பெனியை இழுத்து மூடி வருஷக்கணக்காகிறது.

மார்ச் 5, புதன்

தூக்கம் இல்லை. அந்தத் தண்ணீர் பாட்டில்.

மார்ச் 9, ஞாயிறு

டாக்டர் போன வருஷமே சொன்னார். ஞாபகம் இனி தேயத்தான் செய்யும், வளராது. வண்டி ஓட்ட விடாதீர்கள் என்று. சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ‘விடாதீர்கள்’! இவர் என்ன, கயிற்றைப் பிடித்துக் கட்டிப்போட கன்றுக்குட்டியா?

நான் பண்ணாத தகிடுதத்தம் இல்லை. சாவியை ஒளித்தேன். ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணிவிட்டார். பேட்டரியைக் கழற்றி மாடியில் வைத்தேன். அம்மாவைத் துணைக்கு அழைத்துப்போய் பேட்டரிக் கடையில் வேறொன்று வாங்கி வந்துவிட்டார், அம்மாவும் காய்கறிப் பையோடு கூடவே போயிருக்கிறாள். டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து ரோட்டரை உருவினேன். அது சுண்டுவிரல் அளவு சாமான், அது இல்லாமல் என்ஜின் இருமக்கூட இருமாது. சீட்டுக்கு அடியில் பழைய பிஸ்கட் டப்பாவில் ஒன்று ஸ்பேர் வைத்திருக்கிறார் மனுஷன். மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து சொல்கிறார்: “நம்ம தெருவுல திருடன் நடமாட்டம் இருக்கும்மா. ரோட்டர உருவிட்டுப் போயிருக்கான். நீ உன் பட்டறையில சாமானெல்லாம் ஜாக்கிரதையா வச்சுக்கோ.”

அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில்லை. அண்ணன் பேரை வைத்து என்னைக் கூப்பிடுகிறார். ஆனால் அந்த வண்டியில் எந்த ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும் என்பது கைக்குத் தெரிகிறது. தலை கைவிட்டுவிட்டது. கை விடவில்லை.

மார்ச் 10, திங்கள்

அண்ணன் போனில். “வித்துடு. ரொம்ப சிம்பிள்.”

“சிம்பிள்னா நீ வந்து வித்துட்டு, அவர் மூஞ்சியப் பாத்துட்டுப் போயேன்.”

“ஏன் எப்பப் பாத்தாலும் எரிஞ்சு விழற?”

தூரத்தில் இருக்கிறவனுக்கு எல்லாமே சிம்பிள்தான். மாசத்துக்கு ஒரு போன், அதில் பாதி நேரம் இருமல்.

மார்ச் 13, வியாழன்

பிரேக் வேலை என்று பொய் சொல்லி வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். பழகிவிடுவார் என்று ஒரு நப்பாசை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது, இறங்கியது, அவர் நகரவில்லை. தட்டை அம்மா வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாள், வாங்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு மறுபடியும் தெருவைப் பார்த்தார். காக்கா தின்றது. ராத்திரிக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அந்த வண்டி கண் முன்னால் நிற்க வேண்டும். ஓடக் கூடாது. இதற்கு யார் வழி சொல்லுவார்கள்?

மார்ச் 14, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. கிடைத்த விதம் கேவலம்.

டிப்போவில் இருக்கிறதிலேயே மூத்த டிரைவருக்குப் புது பஸ் கொடுத்திருக்கிறார்கள். அதில் கியர் வேறு இடத்தில். மனுஷன் ஒவ்வொரு தடவையும் பழைய இடத்தில் கையை வீசிக் காற்றைப் பிடிக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று அப்பாவின் கை ஞாபகம் வந்தது.

அப்பா வாழ்க்கையில் அந்தப் பிக்கப்பைத் தவிர வேறு வண்டி ஓட்டினதே கிடையாது. அதற்குக் கியர் தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டிலேயே, சக்கரத்துக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தன் பக்கம் இழுத்துக் கீழே தட்டினால் முதல் கியர். தள்ளி மேலே ஏற்றினால் இரண்டு, அப்படியே கீழே இறக்கினால் மூன்று. பார்க்கவே மாட்டார், கண் ரோட்டில் இருக்கும், கை பாட்டுக்குப் போய் வரும். அந்தக் கம்பியை எடுத்துவிட்டு ஃப்ளோர் கியர் வைத்துவிட்டால்? இனிமேல் புதிதாக எதுவும் அவருக்குப் பழகாது, டாக்டரே சொல்லியிருக்கிறார்.

வண்டியில் கோளாறு என்றால் சரி பண்ணிவிடுவார். அதனால் கோளாறு வண்டியில் இருக்கக் கூடாது. அவர் கையில் இருக்க வேண்டும்.

எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். என்ன பொண்ணு நான்?

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவை அம்மா கோயிலுக்கோ கடைக்கோ எங்கேயோ கூட்டிப் போனாள். அந்த இடைவெளியில் வண்டியை லேத்துக்காரர் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். அவர் எனக்கு டிப்போ வேலையில் பழக்கம், நல்ல மனுஷர், வாய்தான் ஓயாது.

“இத ஏன்மா நோண்டற? ஸ்டியரிங் கியர் வண்டிக்கு அவனவன் நாயா அலையறான். நீ என்னடான்னா கழட்டிப் போடணுங்கற.”

“அப்பாவுக்குத் தோள் வலி. கை தூக்க முடியல.”

“அப்படி சொல்லு. பெத்தவருக்காகன்னா சரி.” உடனே தோள் வலிக்கு ஒரு எண்ணெய் பெயர் வேறு சொன்னார். இந்தப் பொய்யைச் சொல்லி, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

கியர்பாக்ஸுக்குப் பக்கவாட்டில் இரண்டு காது இருக்கிறது. ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், இன்னொன்று இரண்டுக்கும் மூன்றுக்கும். ஸ்டியரிங் தண்டிலிருந்து இரண்டு நீளக் கம்பி இறங்கி அந்தக் காதுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அளவெடுக்க அவற்றைக் கழற்றினேன், அப்பா திரும்புவதற்குள் மறுபடி மாட்டி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டேன். இணைப்பில் எல்லாம் கிரீஸ் புதிதாக, பளபளவென்று இருந்தது. போன வாரம் வைத்திருப்பார். தான் எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்று தெரியாத மனுஷன்.

மார்ச் 23, ஞாயிறு

வேலை முடிந்தது. இன்றைக்கும் அப்பாவை அம்மா வெளியே கூட்டிப் போனாள். வண்டித் தரையில் ஓட்டை போட்டேன். கட்டர் இறங்கும்போது வந்த சத்தம் இன்னும் பல்லில் நிற்கிறது. லேத்துக்காரர் புது லிவர் கடைந்து கொடுத்தார். முதலில் நேராகக் கொடுத்தார், முதல் கியருக்கு இழுத்தால் குமிழ் சீட்டில் போய் இடித்தது. சூடு காட்டி வளைத்தோம். புது லிவரிலிருந்து கியர்பாக்ஸ் காதுகளுக்குப் போகிற குட்டைக் கம்பி இரண்டையும் அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டேன், முதல் கியர் என்று போட்டால் மூன்று விழுகிறது, என்ஜின் செத்துச் செத்துப் போகிறது. “டிப்போவுல இப்படித்தான் மாட்டறியா?” என்றார். மறுபடியும் பிரித்து மாட்டினேன். லிவர் அடியைச் சுற்றி ரப்பர் உறை போட்டாயிற்று. ஸ்டியரிங் தண்டில் கம்பி இருந்த பொத்தலுக்கு ஒரு மூடி.

சுத்தமான வேலை. குறை சொல்ல முடியாது.

பழைய லிவரையும் கம்பிகளையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அப்பா கண்ணில் பட்டால் சாயங்காலத்துக்குள் திரும்ப மாட்டிவிடுவார். போகிற வழியில் பழைய இரும்புக் கடையில் தூக்கிப் போட்டேன். கடைக்காரன் எடைகூடப் போடவில்லை, குவியலில் வீசினான்.

மார்ச் 24, திங்கள்

லீவு போட்டேன். ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அப்பா ஏறினார். சீட்டைத் தட்டினார். ஸ்டார்ட் பண்ணினார். கிளட்ச்சை மிதித்தார். கை மேலே போனது. ஒன்றும் இல்லை. கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டு மறுபடி கொண்டுபோனார். காற்று. சக்கரத்தைச் சுற்றித் தடவினார், இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. அப்புறம் குனிந்தார், தரையில் நிற்கிற லிவரைப் பார்த்தார். தொடவில்லை.

என்ஜினை அணைத்தார். இறங்கினார். கைக்குட்டையை எடுத்துக் கதவுப் பிடியைத் துடைத்தார். அடுத்தவன் வண்டியில் தெரியாமல் ஏறிவிட்டால் நாம் எப்படித் துடைப்போமோ அப்படி. முன்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். உள்ளே வந்தார்.

“நம்பர் நம்மளுது. வண்டி நம்மளுது இல்ல.”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“எவனோ வண்டியத் தூக்கிட்டு, நம்பர மட்டும் வேற வண்டியில மாட்டி நிறுத்தியிருக்கான். பெயின்ட்டும் அதே பெயின்ட். கில்லாடிப் பய.”

இதை நான் யோசிக்கவில்லை. சத்தியமா யோசிக்கல. ஓட்ட முடியலன்னு உக்காந்துடுவார், ரெண்டு நாள் மூஞ்சி தூக்கி வச்சுப்பார், அப்புறம் சரியாயிடும்னு நெனச்சேன். தன் கை தப்புன்னு அவருக்குத் தோணவே இல்ல. எப்படித் தோணும்? அது ஒண்ணுதான அவர இதுவரைக்கும் ஏமாத்தாம இருந்துச்சு.

மார்ச் 25, செவ்வாய்

வண்டி பக்கமே போகவில்லை. ரோடு பத்திரம். பிள்ளைகள் பத்திரம். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனில் இருந்து பட்டறைக்குப் போன். அப்பா புகார் கொடுக்க வந்திருக்கிறாராம்.

போனேன். பெஞ்சில் சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த இன்ஸ்பெக்டர் மரியாதையான ஆள். “அய்யா சொன்ன நம்பர் உங்க வீட்டு வாசல்லயே நிக்குதுன்னு எங்க ஆளு பாத்துட்டு வந்து சொல்றார்.”

“அது வேற வண்டி சார்” என்றார் அப்பா.

“உங்க வண்டிக்கு ஏதாவது அடையாளம் இருக்கா, பெரியவரே?”

அப்பா கையைத் தூக்கினார். அந்தரத்தில் இழுத்தார், கீழே தட்டினார். தள்ளினார், ஏற்றினார். இறக்கினார். ஸ்டேஷனில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “இதான் சார் அடையாளம்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நானாவது சிரித்திருக்கலாம். திருடி பக்கத்துலயே நிக்கறா, புகார் எழுதறாங்க. இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “நல்லா பாத்துக்கோங்கம்மா அவர” என்றார்.

ஏப்ரல் 5, சனி

வந்தது வினை.

அப்பா தெருமுனை வரைக்கும் நடந்திருக்கிறார். அங்கே லேத்துக்காரர் சைக்கிளை நிறுத்திப் பாசமாக விசாரித்திருக்கிறார்: “தோள் வலி எப்படி இருக்கு பெரியவரே? ஃப்ளோர் கியர் பழகிடுச்சா? உங்க பொண்ணு ரெண்டு ஞாயித்துக்கிழம உசுரக் குடுத்து வேல பாத்துச்சு.” அவர் மேல் என்ன தப்பு? நான் அவித்துக் கொடுத்த பொய்யைத்தானே அவர் பரிமாறினார்.

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். கண் தெளிவாக இருந்தது, பழைய அப்பாவின் கண்.

“வண்டிய நீதான் எடுத்தியா?”

“இல்லப்பா.”

“லேத்துக்காரன்கிட்ட கொண்டுபோனியாமே.”

“இல்லப்பா. அவர் வேற யாரையோ சொல்றார்.”

ரொம்ப நேரம் பார்த்தார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது, ஆமான்னு சொல்லிடேன்னு. நான் ஈரத் துணியை உதறிக்கொண்டே இருந்தேன். “சரி” என்றார். போய்விட்டார்.

மத்ததெல்லாம் அரை மணியில் மறக்கிறார். இது நாளைக்கு மறந்துவிடும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மறக்கவில்லை. என்னிடம் பேசுவதில்லை. நான் தட்டு வைத்தால் சாப்பிடுவதில்லை, அம்மா வைத்தால் சாப்பிடுகிறார். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். மனசில் அடித்தது சில சமயம் நிற்கும் என்றார். தெரியாதா எனக்கு.

ஏப்ரல் 10, வியாழன்

அப்பாவைக் காணவில்லை. அம்மா குளிக்கப் போன நேரம். வாசல் கேட் திறந்து கிடந்தது. செருப்பு வீட்டில் இருக்கிறது. தெருத் தெருவாகப் பார்த்தாயிற்று. மழை வேறு பிடித்துக்கொண்டது. அந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு தேடினேன். தரையிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற லிவரைப் பிடித்துக்கொண்டு.

ஏப்ரல் 11, வெள்ளி

கிடைத்துவிட்டார். உயிரோடு.

மூடிக் கிடக்கிற கண்ணாடி கோடவுனுக்குப் பக்கத்தில் லாரிகள் நிற்கிற மைதானம். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் திறந்து, எட்டி எட்டிக் கியரைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். திருடன் என்று நினைத்து ஒருத்தன் பிடித்துத் தள்ளியிருக்கிறான். விழுந்த இடத்திலேயே ஒரு டிரெய்லருக்கு அடியில் ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறார். காலையில் வண்டியை எடுக்க வந்த டிரைவர் குனிந்து பார்க்கப்போய்த்தான் – பார்க்காமல் எடுத்திருந்தால்?

பாதம் ரெண்டும் கிழிஞ்சு கெடக்கு. நெருப்பாக் கொதிக்குது உடம்பு. திருடன்னு அடிச்சானாம் எங்கப்பாவ. திருடன்னு.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. அண்ணன் வந்தான். அம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“அப்பவே சொன்னேன் வித்துடுன்னு. மூளைய இருக்கற எடத்துல வச்சுக்காம என்னமோ பெரிய இன்ஜினியர் மாதிரி...”

“நீ வந்து ஒரு வாரம் அவர்கூட இருந்திருந்தா பேசு.”

“நான் வராததுக்கும் நீ வண்டிய வெட்டினதுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் இல்லைதான். நர்ஸ் வந்து, சண்டை போடுவதென்றால் வெளியே போங்கள் என்றாள். வெளியே போய்ச் சண்டை போடவில்லை. அவன் அழுதான். நான் அழவில்லை, அதற்கும் திட்டினான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்கு அழைத்துவந்தோம். பாதி ஆளாகிவிட்டார். நடக்க வைக்க இரண்டு பேர் வேண்டும்.

என்னைத் தெரியவில்லை.

கோபம் இல்லை, சிடுசிடுப்பு இல்லை. நான் போர்வையைச் சரி பண்ணினேன். “ரொம்ப நன்றிம்மா” என்றார். நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவைத் தெரிகிறது. அண்ணனைக்கூட, அவன் சின்ன வயசுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் இல்லை. பேசாமல் இருந்த நாட்களே பரவாயில்லை. அப்போது கோபித்துக்கொள்ளவாவது ஒரு மகள் இருந்தாள் அவருக்கு.

சாய்ந்து படுத்துக்கொண்டு அந்தக் கையை மட்டும் அசைக்கிறார். இழுத்து, கீழே.

ஏப்ரல் 22, செவ்வாய்

லேத்துக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். தோள் வலி இல்லை என்று. லேத்தை நிறுத்தினார். அப்புறம், “அடிப்பாவி. நான் எண்ணெயெல்லாம் சொன்னேனே” என்றார்.

“அத திரும்ப மாட்டணும். ஸ்டியரிங் கியர.”

“எங்க அது?”

பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரன் கையை விரித்தான். அந்தக் குவியல் லாரி ஏறிப் போய்விட்டதாம். இன்னேரம் உருகி வேறு எதுவாகவோ ஆகியிருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தேடல். மூன்று இடம். இல்லை.

மே 4, ஞாயிறு

லேத்துக்காரரே கண்டுபிடித்தார். எங்கேயோ ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு பிக்கப், டயர் இல்லாமல் மண்ணில் புதைந்து கிடந்தது. உள்ளே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. லிவரும் கம்பிகளும் துருப்பிடித்து வளைந்திருந்தாலும் முழுசாக இருந்தன. கழற்றும்போது ஒரு கோழி என் மணிக்கட்டைக் கொத்தியது. நியாயம்தான் என்று தோன்றியது.

மே 11, ஞாயிறு

மாட்டிவிட்டேன். தரை ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். ஒரு வேலை கூடுதலாகச் செய்தேன்: கியர்பாக்ஸில் இருந்து பின் சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கழற்றிவிட்டேன். என்ஜின் ஓடும், கியர் விழும், வண்டி ஓர் அங்குலம் நகராது. இதை அப்பவே செய்திருந்தால் அடியில் படுத்துக் கண்டுபிடித்திருப்பார். இப்போது குனிந்து செருப்பு போடக்கூட முடியாது அவரால். இதைத்தான் விடிவு என்று எழுத வேண்டியிருக்கிறது.

மே 12, திங்கள்

அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றிவிட்டோம். நான் அந்தப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினார். கிளட்ச்சை மிதிக்கக் காலுக்கு வலு போதவில்லை, தொடையை அழுத்தி நான் உதவினேன். கை மேலே போனது.

இருந்தது.

பிடித்தார். இழுத்து, கீழே. விழுந்தது. அப்பா மூச்சை விட்டார். இத்தனை நாளாக அந்த மூச்சை உள்ளேயே பிடித்து வைத்திருந்தார் போல. “வந்துட்டியா” என்றார். என்னிடம் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை, இரண்டு கையும் வேலையாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “ரோடு இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு. ஒரு குலுக்கல் இல்ல” என்றார்.

மே 20, செவ்வாய்

தினமும் காலையில், நான் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சவாரி. வாசலிலேயே. புகை அடிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், ஜன்னல் வழியாக அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணன் போன் பண்ணி, “இதெல்லாம் அவர ஏமாத்தறதில்லையா?” என்று கேட்கிறான். ஆமாம்டா. ஏமாத்தறதுதான். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?

ஜூன் 1, ஞாயிறு

இன்றைக்கு ஞாயிறு, அவசரமில்லை. வண்டியில் நீண்ட நேரம் இருந்தோம். அப்பா தெளிவாக இருந்தார். ரோட்டைப் பார்த்தபடியே பேச்சுக் கொடுத்தார்.

“நீ கண்ணாடிக் கம்பெனிப் பொண்ணுதான?”

“ஆமாங்கய்யா.”

“வண்டியக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நீதானாமே. வீட்டுல சொன்னாங்க. நல்லா இரும்மா.” இரண்டாம் கியருக்கு ஏற்றினார். “எடுத்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

நான் என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

“எம் பொண்ணு. பஸ் பட்டறையில வேல பாக்கறா, கெட்டிக்காரி. என்ன கஷ்டமோ, எடுத்துட்டா. போலீஸ்ல கேட்டாங்க, யார் மேலயாவது சந்தேகம் இருக்கான்னு. நான் வாயத் தெறக்கலையே.”

போலீஸுக்கு அவர் போனது ஒரு தடவைதான், அதுவும் லேத்துக்காரர் பேச்சு வருவதற்கு முன்னால். அதெல்லாம் இப்போது அவருக்கு எந்த வரிசையில் இருக்கிறதோ. ஆனால் கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

“அதுலேர்ந்து வீட்டுக்கே வரமாட்டேங்கறா. அப்பா அடிப்பார்னு பயந்துகிட்டு எங்கயோ கெடக்கா. நான் என்னைக்கு அவள அடிச்சிருக்கேன்? நீ நாலு எடம் போறவ. பாத்தின்னா சொல்லு. வண்டி கெடச்சிடுச்சு, அப்பாவுக்குக் கோவம் ஒண்ணுமில்ல, வீட்டுக்கு வரச் சொன்னார்னு சொல்லு.”

“சொல்றேங்கய்யா.”

“மறந்துடாத.”

“மறக்க மாட்டேன்.”

அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா என்ஜினை அணைத்தார். நாங்கள் இறக்கிவிட, மெதுவாக வாசல்படி ஏறும்போது திரும்பி அம்மாவிடம், “அந்தப் பொண்ணுக்கும் ஒரு தட்டு வை” என்றார்.